முள்ளைப் பிடித்தால் போதும்

ஈ கட்டப் பழக விரும்புகிறவர் எடுத்த எடுப்பிலேயே 200 டாலருக்குக் குறையாத ஒரு சுழல் வைஸ் வாங்கிவிட வேண்டும். அவ்வளவு பணம் கையில் இல்லையென்றால் சேரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஈத்தூண்டில் போடுபவர்களிடையே இன்று வேதவாக்காகிவிட்ட அறிவுரை இது. கடைக்காரர் சொல்கிறார். சங்கத்தின் மூத்த உறுப்பினர் சொல்கிறார். குளிர்காலத்தில் வகுப்பு எடுப்பவரும் சொல்கிறார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அறிவுரை தவறு. அதைக் கேட்டு நடப்பவருக்குப் பணமும் போகிறது, கைப்பழக்கமும் தாமதமாகிறது.

ஈ என்பது இங்கே போலிப்பூச்சி. டிரவுட் மீன் நீர்ப்பூச்சிகளைத் தின்று வளர்வது. அந்தப் பூச்சியின் சாயல் வரும்படி இறகு, மயிர், நூல், மெல்லிய செம்புக் கம்பி ஆகியவற்றைத் தூண்டில் முள்ளின் மேல் சுற்றிக் கட்டுகிறார்கள். மிகப் பழைய கலை; 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் புத்தகத்திலேயே 12 ஈக்களுக்குச் செய்முறை இருக்கிறது. நீலகிரியிலும் மூணாறிலும் நீந்தும் டிரவுட்டின் முன்னோர்களை வெள்ளைக்காரர்கள் கடல் கடந்து கொண்டுவந்து விட்டதும் இந்த விளையாட்டின் மேலிருந்த ஆசையால்தான். முள் பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. நூலைச் சுற்ற ஒரு கை, இறகைப் பிடிக்க ஒரு கை என்று இரண்டு கையும் போய்விடுவதால், முள்ளைக் கவ்விக்கொள்ள மேசை விளிம்பில் ஒரு சிறிய வைஸைப் பொருத்திக்கொள்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுவது நியாயம். மலிவான வைஸின் தாடை முள்ளைச் சரியாகக் கவ்வாது. நூலை இறுக்கும்போதெல்லாம் முள் சரியும். புதிதாகப் பழகுபவருக்குக் கோளாறு கருவியிலா தன் கையிலா என்று பிரித்தறியத் தெரியாது. தன்னையே நொந்துகொண்டு விட்டுவிடுவார். சுழல் வைஸிலோ முள்ளைத் திருப்பி எல்லாப் பக்கமும் பார்க்கலாம், இறகையும் கம்பியையும் சீரான இடைவெளியில் சுற்றலாம். ரென்செட்டி, ரீகல், டைனா-கிங், பீக் போன்ற அமெரிக்க நிறுவனங்களின் வைஸ் ஓர் ஆயுள் உழைக்கும்; விற்றாலும் நல்ல விலை போகும். மலிவானதை வாங்குகிறவர் எப்படியும் பின்னால் நல்லது ஒன்று வாங்கத்தான் போகிறார். ஆகவே மலிவை நாடுபவருக்குத்தான் செலவு அதிகம்.

இந்த வாதத்தில், மலிவான தாடை சரியாகக் கவ்வாது என்ற முதல் வாக்கியம் உண்மை. அதிலிருந்து கடைசி வாக்கியத்துக்குத் தாவும் வழியில் ஐந்து இடங்களில் கால் வழுக்குகிறது.

1. வைஸ்தான் முதன்மைக் கருவி என்று எப்படி முடிவானது? 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் வில்லியம் பிளாக்கர் வெளியிட்ட ஈ கட்டும் புத்தகம், முள்ளை இடதுகை விரல்களில் பிடித்துக் கட்டச் சொல்லித் தருகிறது. அமெரிக்காவின் மிகப் பெயர்பெற்ற ஈத்தூண்டில்காரர்களில் ஒருவரான லீ வுல்ஃப் (1905–1991) வைஸைத் தொடாமல் விரலில் பிடித்தே கட்டியவர். 28ஆம் எண் முள்ளிலும் அப்படியே கட்டிக் காட்டினார். முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறுக்கும் என்பதை இங்கே சொல்ல வேண்டும். 10 நடுத்தர அளவு, 20 கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியது, 28 விரலிடுக்கில் காணாமல் போய்விடக்கூடியது.

புதியவர் எல்லாரும் வுல்ஃபைப் போலக் கையில் பிடித்துக் கட்டட்டும் என்பதல்ல வாதம். அது வீண் பிடிவாதம். ஈ கட்டும் மேசையில் நூல் இல்லாமல், கத்தரி இல்லாமல், முள் இல்லாமல் வேலை நடக்காது. வைஸ் இல்லாமல் நடந்திருக்கிறது, அதுவும் மிக உயர்ந்த தரத்தில் நடந்திருக்கிறது. இல்லாமலே சமாளித்த ஒரு பொருளை மொத்தச் செலவின் பெரும்பங்கைக் கேட்கும் இடத்தில் உட்கார வைக்கும்போது, அதற்கு வலுவான காரணம் காட்ட வேண்டிய பொறுப்பு உட்கார வைப்பவருடையது. அந்தக் காரணத்தை யாரும் காட்டுவதில்லை. விலைப்பட்டியலைக் காட்டுகிறார்கள்.

2. கவ்வுவது வேறு, சுழல்வது வேறு. இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்பதுதான் மொத்தக் குழப்பத்துக்கும் வேர். “மலிவு வைஸ் முள்ளை நழுவவிடும்” என்பது தாடையைப் பற்றிய குறை. “ஆகவே சுழல் வைஸ் வாங்கு” என்பது தாடைக்குச் சம்பந்தமில்லாத மருந்து.

தாடைகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தால் இது விளங்கிவிடும். பரவலாக உள்ளவை மூன்று வகை. முதல் வகை காலெட். இல்லினாய் மாநிலத்து எல்ஜின் நகரில் டி.எச். தாம்சன் நிறுவனம் செய்த மாடல் ஏ இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு; 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் ஈ கட்டிய வீடுகளில் மிகப் பரவலாக இருந்தது அதுதான். நுனி பிளந்த எஃகுத் தண்டு ஒன்று குழாய்க்குள் செருகியிருக்கும். பின்னாலுள்ள கேம் நெம்புகோலை அழுத்தினால் தண்டு உள்ளே இழுபட்டு, பிளந்த வாய் மூடிக்கொள்ளும். கோவையில் லேத் ஓட்டுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இரண்டாம் வகை மாசசூசெட்ஸில் செய்யப்படும் ரீகல் வைஸின் வில்தாடை. நெம்புகோலை அழுத்தினால் வாய் திறக்கும், விட்டால் தானாக மூடும். முள்ளின் கனத்துக்கு ஏற்ப எதையும் திருகிச் சரிசெய்ய வேண்டாம். மூன்றாம் வகையில் இரண்டு தாடைத் துண்டுகள் ஒன்றையொன்று எதிர்நோக்கி இருக்கும். முள்கம்பியின் கனத்துக்குத் தகுந்தபடி ஒரு திருகாணியால் இடைவெளியை வைத்துவிட்டு, கேமாலோ இன்னொரு திருகாணியாலோ இறுக்குவார்கள். சுழல் வைஸ்களில் பெரும்பாலானவை இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவை.

இந்த மூன்றில் எதுவும் நன்றாகக் கவ்வுவதற்குச் சுழல வேண்டிய தேவை இல்லை. முள் நழுவுவதற்குக் காரணங்கள் வேறு. தூண்டில் முள் பதம் ஏற்றிய கடினமான எஃகு. தாடை அதைவிட மென்மையாக இருந்தால், முள் தாடையில் தடம் பதித்துவிடும். அடுத்த முள் அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும்; அதன் கனம் சற்றே வேறாக இருந்தால் ஆடும், பிறகு சரியும். தாடையின் இரு நுனிகளும் நேருக்கு நேர் பொருந்தாவிட்டாலும் இதே கதி. நுனி சந்திக்காமல் பின்பகுதி மட்டும் சந்தித்தால், முள்ளின் வளைவைக் கவ்வவேண்டிய இடத்தில் வெறும் காற்றுதான் இருக்கும். ஆக, கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: எஃகுக்குப் பதம் ஒழுங்காக ஏற்றியிருக்கிறதா? நுனிகள் பொருந்துகின்றனவா?

200 டாலர் சுழல் வைஸுக்கும் 60 டாலர் சாதாரண வைஸுக்கும் இடைப்பட்ட தொகையில் ஒரு பகுதி தாடைக்குப் போகிறது என்பதை மறுக்கவேண்டாம். ஆனால் பெரும்பகுதி எங்கே போகிறது? முள்ளின் தண்டு சுழலும் அச்சோடு சரியாக ஒரே கோட்டில் நிற்கும்படி செய்யும் வளைந்த கை, உராய்வில்லாமல் சுழல வைக்கும் தாங்கு அமைப்பு, சுழற்சியை வேண்டிய அளவுக்கு இறுக்கும் திருகு, பளபளக்கும் மெருகு, கனத்த அடித்தளம். இவையெல்லாம் நேர்த்தியான இயந்திர வேலை, அதைப் பாராட்டலாம். ஆனால் முள்ளைக் கவ்வுவதில் இவற்றுக்குப் பங்கில்லை. நழுவலைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு சுழற்சிக்குப் பணம் வாங்குவதை வியாபாரம் என்று சொல்லலாம்; அறிவுரை என்று சொல்லக்கூடாது.

சுழல வேண்டுமென்றாலும் 200 டாலர் கட்டாயம் என்பதும் உண்மையல்ல. டென்மார்க்கில் செய்யப்படும் டான்வைஸ் இதற்குச் சாட்சி. உடல் பெரும்பாலும் பிளாஸ்டிக், தாடை எஃகு, முழுமையாகச் சுழல்வது. மேற்சொன்ன அமெரிக்க வைஸ்களின் விலையில் ஏறத்தாழப் பாதிக்கே பல ஆண்டுகளாக விற்றுவருகிறது. பார்ப்பதற்கு அழகில்லை என்று சொல்வார்கள். அழகு மீனுக்குத் தெரியப்போவதில்லை.

3. சுழற்சி உண்மையில் எவ்வளவு உதவுகிறது? புதியவர் முதலாண்டில் கட்டக்கூடிய ஈக்களை மேசையில் வரிசையாக வைத்துப் பார்க்கலாம். பென்சில்வேனியாவில் ரஸல் பிளெஸிங் 1967இல் உருவாக்கிய வூலி பகர். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர் கட்டிய ஃபெஸன்ட் டெயில். மிச்சிகனில் லென் ஹாலடே 1922இல் கட்டிய ஆடம்ஸ், அதன் பாராசூட் வடிவம். ஆல் டிராத்தின் எல்க் ஹேர் கேடிஸ். எந்த வகுப்பிலும் இவை இல்லாமல் இருக்காது.

வூலி பகரில் சுழற்சி உதவும். சேவல் இறகை உடல் நெடுக இடைவெளிவிட்டுச் சுற்ற வேண்டும். முள்ளைச் சுழற்றினால் இறகு தானாகச் சுற்றிக்கொண்டு போகும். அப்படி வரும் சுற்றுகளை இரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பாராசூட் ஆடம்ஸில் இறகு முள்தண்டைச் சுற்றுவதில்லை; மேலே நிமிர்ந்து நிற்கும் ஒரு கட்டு மயிரைத் தட்டாமாலையாகச் சுற்றுகிறது. முள்ளை அச்சில் எத்தனை தரம் சுழற்றினாலும் அந்த வேலைக்கு ஒரு பயனும் இல்லை. கேடிஸின் மயிரிறக்கையை அளந்து வைத்து அமுக்கிக் கட்டுவது விரலின் வேலை, வைஸின் வேலை அல்ல. சாயர் தன் ஃபெஸன்ட் டெயிலுக்கு நூலே பயன்படுத்தவில்லை. செம்புக் கம்பியையும் ஃபெஸன்ட் வாலிறகின் இழைகளையும் மட்டுமே வைத்துக் கட்டினார். அந்த ஈ இன்றும் டிரவுட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு சிக்கலைச் சுழல் வைஸ் விற்பவர்கள் பூசி மெழுகிவிடுகிறார்கள். ஈ கட்டும்போது நூல், அதன் உருளையைத் தாங்கும் பாபினோடு முள்ளிலிருந்து தொங்கிக்கொண்டே இருக்கும். முள்ளைச் சுழற்றினால் அந்த நூலும் சேர்ந்து சுற்றிக்கொள்ளும். அதனால் சுழற்றும் முன் பாபினை எடுத்து, அச்சுக்கு நேராக முன்னால் நிற்கும் ஒரு தாங்கியில் வைக்க வேண்டும். சுழற்றி முடித்ததும் மறுபடி எடுக்க வேண்டும். நூலைக் கையால் சுற்றும் அடிப்படைப் பழக்கமே இன்னும் படியாதவருக்கு இது கூடுதல் வேலை, கவனத்தைக் கலைக்கும். ஓர் ஈயில் விழும் சுற்றுகளில் பெரும்பாலானவை நூல் சுற்றுகள். அவை எந்த வைஸிலும் கையால்தான் விழுகின்றன.

எதிர்ப்பக்கத்தைப் பார்க்கும் வசதிக்காகவென்றால் அச்சுச் சுழற்சி தேவையில்லை. தலைப்பகுதி மட்டும் திரும்பக்கூடிய சாதாரண வைஸ் போதும். அதுவும் இல்லையென்றால் கட்டுகிறவர் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தால் போதும்.

சுழற்சிக்கு நியாயமான இடங்கள் உண்டு. கடல்மீனுக்குக் கட்டும் பெரிய ஈக்களின் தலையில் பிசின் பூசி, அது இறுகும்வரை வழியாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பாப் கிளவுஸரின் டீப் மின்னோவைப் போல மேலும் கீழும் மாறி மாறிக் கட்டும் ஈக்களுக்கு அது வசதி. ஒரே ஈயை நூற்றுக்கணக்கில் கட்டி விற்பவருக்கு ஒவ்வொன்றிலும் மிச்சமாகும் சில நொடிகள் காசாகும். நார்ம் நார்லாண்டர் வடிவமைத்த நார்வைஸ் போன்றவை வேகச் சுழற்சியை மையமாக வைத்தே வேறொரு கட்டும் முறையை உண்டாக்கியிருக்கின்றன. கையில் நடுக்கமோ மூட்டுவலியோ உள்ளவருக்கும், ஒரு கையால் மட்டும் வேலை செய்பவருக்கும் இப்படிப்பட்ட வைஸ் பெரிய உதவி. அவர்கள் விலை பார்க்காமல் வாங்கட்டும். விதிவிலக்கானவருக்குப் பொருந்துவதை எல்லாருக்கும் விதியாக்குவதுதான் ஆட்சேபத்துக்குரியது.

4. போகும் பணம் எதிலிருந்து போகிறது? தொடங்குகிறவர் கையில் மொத்தம் 250 டாலர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 200 வைஸுக்குப் போனால் மிச்சம் 50. அதில் கத்தரி, பாபின், இறகிடுக்கி, ஊசி, நூல், முள், இறகு, மயிர், விளக்கு எல்லாம் வாங்கியாக வேண்டும். நடப்பது என்னவென்றால், மேசையில் நேர்த்தியான வைஸ் ஒன்று நிற்கும். அதில் மழுங்கிய கத்தரியால் நூலைக் கடித்து இழுத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

நுனிவரை வெட்டும் கத்தரி இல்லையென்றால் முள்ளின் காதருகே மிஞ்சும் இழைகளை ஒட்ட நறுக்க முடியாது, தலை தடித்துப்போகும். பாபினின் குழாய் வாயில் சொரசொரப்பு இருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். பீங்கான் வாய் உள்ள பாபினில் அந்தத் தொல்லை இல்லை, விலையும் பெரிதல்ல. நூலின் கனத்தை டெனியரில் சொல்கிறார்கள்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பது கணக்கு. 70 டெனியர் நூலைக் கொண்டு சிறிய ஈயில் மெலிந்த தலை கட்டலாம். மான்மயிரை அமுக்கி விரியச் செய்ய வேண்டுமென்றால் அதைவிட வலுவான நூல் வேண்டும். இரண்டு மூன்று நூல் உருளைகள் தரும் முன்னேற்றத்தை எந்த வைஸும் தராது. விளக்கும் அப்படியே. 18ஆம் எண் முள்ளில் நூல் எங்கே விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியாதபோது வைஸின் தாங்கு அமைப்பு எவ்வளவு வழவழப்பாக இருந்து என்ன பயன்?

இறகின் விஷயம் தனி. மிதக்கும் ஈயைத் தண்ணீரின் மேல் நிறுத்துவது சேவல் கழுத்திறகின் விறைப்பான இழைகள். ஒரு காலத்தில் உலகெங்கும் ஈ கட்டியவர்கள் இந்தியச் சேவல்களின் கழுத்துத் தோலை நம்பியிருந்தார்கள். இன்றும் மலிவு விலைப் பட்டியலில் அது இருக்கிறது. பிறகு இறகுக்காகவே தேர்ந்து வளர்த்த சேவல்கள் வந்தன. ஹென்றி ஹாஃப்மன் வளர்த்த சேவல் இனத்தை 1989இல் டாம் வைட்டிங் வாங்கிக் கொலராடோவில் பெரிய பண்ணை ஆக்கினார். அந்தச் சேவல்களின் இறகு நீளமானது, இழைகள் ஒரே அளவாக இருக்கும், ஓர் இறகில் பல ஈக்கள் கட்டலாம். ஒரே அளவு இறகுகளைச் சிறு கட்டாகவும் விற்கிறார்கள். 140 டாலரை வைஸில் மிச்சம் பிடித்தவர் இப்படி நாலைந்து கட்டு வாங்கினால் பல நூறு ஈக்களுக்கான இறகு கைக்கு வந்துவிடும்.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்ல இடமுண்டு. விக்டோரியா காலத்து சால்மன் ஈக்களின் கன்னத்தில் மின்னும் புள்ளி இறகு எங்கிருந்து போனது தெரியுமா? தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திலிருந்து. மெழுகுத் துளி சொட்டியதுபோன்ற அந்த இறகுக்காக எண்ணற்ற காட்டுக்கோழிகள் செத்தன. இன்று இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. மேலைநாடுகளில் கூண்டில் வளர்த்த பறவைகளின் இறகுதான் விற்பனைக்கு வருகிறது, விலையோ தலைசுற்ற வைக்கும். இந்தத் தொழிலில் வணிகக் கப்பல்களை ஓடவைத்ததும் சட்டங்களைப் பிறப்பித்ததும் இறகுதான். வைஸுக்காக எந்த நாடும் சட்டம் போட்டதில்லை.

5. “மலிவை வாங்குகிறவர் இரண்டு முறை வாங்குவார்.” வாங்கட்டுமே, அதில் என்ன நஷ்டம்? முதலில் 60 டாலர், மூன்று ஆண்டு கழித்து 200 டாலர் என்றால், அதிகபட்ச இழப்பு 60. பழைய வைஸை விற்றால் இன்னும் குறையும். பயணத்துக்கென்றோ வீட்டுப் பிள்ளைக்கென்றோ வைத்துக்கொண்டால் இழப்பே இல்லை. மாறாக, 200 டாலர் கொடுத்துவிட்டு ஆறு மாதத்தில் ஆர்வம் வற்றியவரின் கதையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் வைஸை விற்றுப் பணத்தை மீட்கலாம் என்பார்கள். மீட்கலாம்தான். அதே சந்தையில் புதியவரும் பாதி விலைக்கு வாங்கலாமே! மறுவிற்பனை மதிப்பு என்பது புதிதாக வாங்கச் சொல்லும் காரணம் ஆகாது. பழையதை வாங்கச் சொல்லும் காரணம்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. முதல் நாளில் வாங்குபவருக்குத் தனக்கு எது தேவை என்று தெரியாது. மலையோடையில் 22ஆம் எண் கொசு ஈ கட்டப்போகிறாரா, கடலில் டார்பன் மீனுக்கு விரல்நீள முள்ளில் கட்டப்போகிறாரா? இரண்டுக்கும் வேண்டிய தாடைகள் வேறு. நல்ல நிறுவனங்கள் இதை அறிந்தே தாடைகளைத் தனித்தனியாகச் செய்கின்றன. எச்எம்எச் வைஸுக்குச் சிறிய, நடுத்தர, பெரிய முள்ளுக்கென மாற்றிப் போடும் தாடைகள் உண்டு. ஓராண்டு கட்டிப் பார்த்தவர் தன் கை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொண்டு வாங்குவார். ஒன்றும் தெரியாத நாளில் மிகப் பெரிய செலவைச் செய்யச் சொல்லும் அறிவுரையை வேறெந்தத் துறையில் சொன்னாலும் சிரிப்பார்கள்.

ஐந்து மறுப்பும் போக, அடியில் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. புதியவரின் ஈ ஏன் கோணலாக இருக்கிறது? தலைக்கு இடம் விடாமல் முள்ளின் காதுவரை பொருளைத் திணிப்பது. இறகின் நீளத்தை முள்வாயின் அகலத்தோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்காமல் விடுவது. நூலை அறுந்துவிடுமோ என்று பயந்து தளர விடுவது. தேவைக்கு மூன்று மடங்கு மயிரை அள்ளி வைப்பது. எந்த வகுப்பிலும் முதல் மாதம் திருத்தப்படுவது இவைதான். இவற்றில் ஒன்றைக்கூட வைஸ் திருத்தாது.

கற்றவர்கள் எப்படிக் கற்றார்கள் என்பதும் மறைபொருள் அல்ல. நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் ஈ கட்டுவதில் புகழ்பெற்ற ரூப் கிராஸ், கற்றுத்தர மறுத்துவிட்டார். வால்ட் டெட்டியும் கூட்டாளிகளும் அவருடைய ஈக்களை விலைக்கு வாங்கி, சுற்று சுற்றாகப் பிரித்துப் பார்த்துக் கற்றார்கள். பிறகு டெட்டி குடும்பமே அந்தப் பகுதியின் அடையாளமானது. ஸ்காட்லாந்தின் மேகன் பாய்ட் (1915–2001) சிறுமியாக இருந்தபோது, அவருக்குக் கற்றுக்கொடுத்த பாப் டிரஸ்லர் கட்டிய ஈயைப் பிரிக்கவைத்து அதே பொருட்களை அதைவிடச் சிறிய முள்ளில் மறுபடி கட்ட வைப்பார். பின்னாளில் உலகின் தலைசிறந்த சால்மன் ஈக்கள் பாய்டின் குடிசையிலிருந்து போயின. அந்தக் குடிசைக்கு மின்சாரம் வந்தது 1980களில்தான். பிரிப்பதும் திரும்பக் கட்டுவதும் முள்ளும் நூலும் கேட்கும் பயிற்சி. அதற்குத்தான் பணம் மிஞ்ச வேண்டும்.

எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தையும் சொல்லிவிட வேண்டும். பெட்டியில் அடைத்து, வண்ண இறகுகளோடு பரிசுப்பொருளாக விற்கப்படும் தொகுப்புகளில் வரும் வைஸ் பெரும்பாலும் குப்பை. தாடை மென்மையானது, கேம் சீக்கிரம் தேயும், மேசையைப் பிடிக்கும் சி-கிளாம்ப் மெல்லிய வார்ப்பு. அதைத் தவிர்க்கச் சொல்பவர்கள் சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் 15 டாலர் குப்பைக்கும் 200 டாலர் சுழல் வைஸுக்கும் நடுவில் வெற்றிடம் இருப்பதுபோல அவர்கள் பேசுவது உண்மைக்கு மாறானது. நடுவில்தான் நல்ல பொருட்கள் இருக்கின்றன.

பழைய தாம்சன் மாடல் ஏ பழம்பொருள் விற்பனைகளில் வந்துகொண்டே இருக்கிறது. தாடை நுனி சிதையாமல் இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். மொன்டானாவின் கிரிஃபின் நிறுவனம் எளிய, விலை குறைந்த வைஸ்களைச் செய்கிறது. சுழற்சி வேண்டியே தீரும் என்பவருக்கு டான்வைஸ். தாம்சன் மாதிரியைப் பார்த்து இந்தியாவில் செய்து மேலைநாட்டுக் கடைகளுக்குப் போகும் நகல்கள் மிக மலிவு. ஆனால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒரே பெட்டியில் வந்த இரண்டில் ஒன்று இரும்புப்பிடியாகப் பிடிக்கும், மற்றது முள்ளை வழுக்கவிடும். பார்த்து எடுப்பவருக்கு மட்டுமே அது லாபம். நுனியில் சிறு பிசிறு இருந்தால் நுண்ணிய தீட்டுக்கல்லில் உரசிச் சரிசெய்யலாம். நுனிகள் பொருந்தவேயில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அடித்தளமா சி-கிளாம்ப்பா என்ற கேள்விக்கும் பணம் குறைந்தவரின் விடை எளிது. கிளாம்ப் விலை குறைவு, அசையாது. கனமில்லாத அடித்தளமோ நூலை இழுக்கும்போது கவிழும். மேசைப் பலகையின் கனத்தை அளந்துகொண்டு போனால் போதும்.

கடைக்குப் போகும்போது 10ஆம் எண் முள் ஒன்றும் 18ஆம் எண் முள் ஒன்றும் சட்டைப்பையில் இருக்கட்டும். வாங்க நினைக்கும் வைஸில் பெரிய முள்ளின் வளைவைத் தாடை நுனியில் வைத்து இறுக்குங்கள். முள்ளின் காதின் மேல் கட்டைவிரலை வைத்துக் கீழே அழுத்துங்கள். முள்தண்டு வளைந்து, விட்டதும் நிமிர்ந்தால் தாடை நல்லது. வளையாமல் முள்ளே கீழே சரிந்தால், இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள். மறுபடி சரிந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். சிறிய முள்ளிலும் இதையே செய்யுங்கள். பிறகு முள்ளைக் கழற்றித் தாடையில் தடம் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். தடம் இல்லையென்றால் விலையைக் கேளுங்கள். 60 டாலருக்குள் இருந்தால் வாங்கிவிடுங்கள். மிச்சப் பணத்தில் முதலில் ஒரு நல்ல கத்தரி, அடுத்து முள்.